அஞ்சாவது

புரூஸில் ஜூலை.
கான்பராக் குளிர் ஓடுதளத்தின் சிவப்பு ரப்பரில்
உப்புப்போல் படிந்து கிடக்கிறது.
ஆறு ஐம்பதுக்கு முதல் ஆளாய் வருவது நான்.
ஒட்டுநாடா என் பொறுப்பு.

டீகனுக்கு இருபத்தாறரைச் சப்பாத்து நீளம்.
பிரையனிக்கு இருபத்தெட்டு, காற்று முதுகிலென்றால் இருபத்தொன்பது.
அச்சோலுக்கு, அவள் கோபமாயிருக்கும் நாளில், முப்பது.
மார்னிக்கு அடையாளம் வேண்டாம்,
அவள் துப்பாக்கியோடு கிளம்புகிறவள்.
குதிகால் விரலைத் தொட, குதிகால் விரலைத் தொட
பின்னோக்கி எண்ணிக்கொண்டே போய்க் குனிந்து ஒட்டுகிறேன்:
நீலம், மஞ்சள், வெள்ளை.
பச்சை என்னுடையது.
அந்தச் சுருளின் முனையை இன்னும் நகத்தால் கிளப்பவில்லை.

நாலு பேர் ஓடும் அஞ்சலோட்டத்துக்கு
அஞ்சு பேரைக் கூட்டிப்போகிறது நாடு.
அஞ்சு என்றால் ஐந்து.
அஞ்சு என்றால் பயப்படு.
அம்மாவின் மொழி ஒரே மூச்சில் இரண்டையும் சொல்லிவிடும்.

யாருக்குச் சளி பிடித்தாலும், பரீட்சை வந்தாலும்
அவள் இடத்திலிருந்து கோல் கொடுப்பது நான்.
கொடுப்பது மட்டும்.
அதனால் கைகளைத் தெரியும் எனக்கு.
டீகனின் இடது கை தட்டுப்போல விரியும், வைத்துவிட்டு வரலாம்.
பிரையனியின் வலது கை நடுங்கும்,
நடுக்கத்துக்குள் ஒரு கணம் நிற்கும், அதைப் பிடிக்கவேண்டும்.
அச்சோலின் கை வாங்காது.
பறிக்கும்.

ஒருநாள் களைப்பில், 'ஹேண்ட்' என்று கத்தவேண்டிய இடத்தில்
'கை!' என்று கத்திவிட்டேன்.
டீகன் நீட்டிவிட்டாள்.
பயிற்சியாளர் லோர்ணா கடிகாரத்தைப் பார்த்தார், திரும்பவும் பார்த்தார்.
குட்டிச் சொல், இரைச்சலில் தொலையாது,
இனி இதுதான் என்றார்.
ஆக, இறுதிப் போட்டியில் எண்பதாயிரம் பேருக்கு நடுவே
என் சொல் ஓடும்.
நான்?

பென்டில் ஹில்லிலிருந்து அம்மா:
'டிவியில எந்த லேன்ல நிப்பாய்?'
நிற்கமாட்டேன் அம்மா,
நிற்கிறவர்களுக்குப் பின்னால் ட்ராக்சூட்டோடு இருப்பேன்.
'சரி. ட்ராக்சூட் என்ன நிறம்?'

வியாழன், நாலாவது ஓட்டம்.
கோலைப் பறித்த அச்சோல் பதினைந்தடி போய்
தொடையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள்.
கோல் தளத்தில் விழுந்து துள்ளித் துள்ளி உருண்டது.
அது ஓய்கிறவரை யாரும் பேசவில்லை,
வேலியோரத்து மேக்பை தவிர.

எனக்குள் யாரோ எழுந்து
சப்பாத்துக் கயிற்றை இறுக்கிக் கட்டினாள்.
நான் அவளை எழுப்பவில்லை.
சத்தியமாக.

ஐஸ் பையை ஓடிப்போய் எடுத்து வந்தேன்,
அன்று நான் ஓடிய ஓட்டத்திலேயே வேகமானது அதுதான்.
கட்டும்போது அச்சோல் கேட்டாள்:
'உனக்குச் சந்தோஷமா?'
பொய்க்கு நேரமிருந்தது. வாய் வரவில்லை.
'கொஞ்சம்.'
'கொஞ்சமென்றால் எத்தனை சப்பாத்து?'
'அரை.'
சிரித்தாள். சிரிக்க வலித்தது அவளுக்கு.
சிரிக்காதே என்றேன்,
இருவருக்கும் சேர்த்து.

ஸ்கேன் முடிவு திங்கட்கிழமை.
விமானம் புதன்.

இன்று வெள்ளி. அதே உப்பு, அதே ஆறு ஐம்பது.
நீலம் ஒட்டினேன். மஞ்சள் ஒட்டினேன்.
வெள்ளையை ஒட்டினேன், யாரும் சொல்லாமலே,
அதன் இடத்தில், முப்பதில்.
பிறகு பச்சை.

கம்பியில் சாய்ந்து, காலில் துணி சுற்றி, அச்சோல்:
'இருபத்தேழா?
கோபமே வராதா உனக்கு?'

வளைவில் பிரையனி வருகிறாள்,
மூச்சு அவளுக்கு முன்னால் புகையாய் ஓடிவருகிறது.
வெள்ளையை மிதித்தாள். இல்லை, இன்னும் இல்லை.
பச்சையை மிதித்தாள்.
கிளம்பினேன்.
திரும்பிப் பார்க்கக் கூடாது.
எத்தனை அடி போனேனோ,

'கை!'

என் சொல் எனக்குப் பின்னாலிருந்து வருகிறது.
அதன் ஐகாரம் கொஞ்சம் கோணல்.
இடது கையை நீட்டுகிறேன்,
நடுங்குகிறது.